கிள்ளானுக்குப் போகாத ரயில்

நான்கு வயதில் என் மகன் எல்.ஆர்.டி. அறிவிப்பை அச்சு அசலாக ஒப்பிப்பான். கே.எல்.சி.சி., கம்போங் பாரு, டாங் வாங்கி, மஸ்ஜிட் ஜாமேக், பாசார் செனி. ஒரு நிலையம் விட்டுப்போகாது. ஆனால் 'தண்ணி வேணும்' என்று கேட்கத் தெரியாது. தாகமெடுத்தால் என் கையை இழுத்துக்கொண்டுபோய் ஐஸ்பெட்டிமேல் வைப்பான்.

ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். "கைப்பேசியக் கொடுத்து நீங்கதான் கெடுத்தீங்க" என்றார் அக்கா. அம்மா பத்துமலைக்கு நேர்ந்துகொண்டார். சுற்றிவளைத்து எல்லாப் பழியும் என் மனைவிமேல்தான் வந்து விழுந்தது. அது ஒன்றும் புதிதல்ல. 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய பிறகு, பாசமில்லாத தாய்தான் காரணம் என்று மெத்தப் படித்தவர்களே பல ஆண்டுகள் நம்பினார்கள். 1964இல் அதை மறுத்துப் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசமுள்ள மகனுக்குத் தகப்பன். நானும் தகப்பன்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓ.கே.யு. அட்டைக்கு விண்ணப்பிக்கவே ஓராண்டு இழுத்தடித்தேன். சொந்தக்காரன் எவன் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற பயம்.

அந்தத் தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லுய்யா" என்றேன். அவன் சுழலும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, தாடையைப் பிடித்துத் திருப்பி, "என் கண்ணப் பாருடா!" என்று கத்தினேன். காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டான். முறுக்குத் தட்டை நீட்டி மனைவி எப்படியோ சமாளித்தாள்.

கண்ணைப் பார்ப்பதும் காதால் கேட்பதும் ஒரே நேரத்தில் இவர்களில் பலருக்குப் பெரும்பாடு என்று பயிற்சி கொடுத்த ஆசிரியை பிறகு சொன்னார். வேறெங்கோ பார்த்தபடி நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கலாமாம். "அவன உங்க விளையாட்டுக்கு இழுக்காதீங்க சார். நீங்க அவன் விளையாட்டுக்குப் போங்க."

போனேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, "பாசார் செனியில எறங்கணும்" என்று உட்கார்ந்தேன். பதில் இல்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு ரயிலை நிறுத்தினான். அப்புறம் பக்கத்து வீட்டுச் சிறுமியும் ஏறினாள். "நான் கிள்ளானுக்குப் போறேன்" என்றாள். அந்த வழித்தடத்தில் கிள்ளான் கிடையாதே! அரை மணிநேரம் அழுதான். மறுநாள் அவள் டாங் வாங்கிக்கு டிக்கெட் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் வரும் நேரத்துக்குக் கதவருகில் போய் நிற்கிறான். பேசுவது குறைவுதான். ஆனால் இரண்டாவது நாற்காலியில் வேறு யாரும் உட்காரக்கூடாது.

போன மாதம் முடிவெட்டும் கடைக்குக் கூட்டிப்போனேன். மெஷின் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, "என் கண்ணப் பாருடா! என் கண்ணப் பாருடா!" என்று அலறினான். என் குரல், என் கோபம், என் இழுவை எல்லாம் அப்படியே. எப்போதோ கேட்ட வாக்கியம், அதே பயம் வரும்போது அப்படியே வெளியே வரும் என்று ஆசிரியை முன்பே சொல்லியிருந்தார்.

கடைக்காரர் மெஷினை நிறுத்தினார்.

"யாரு தம்பி புள்ளைய இப்படி மெரட்டுனது?"

"நான்தாண்ணே" என்றேன். அவர் மெஷினை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.