பயண நிரலில் விடுபட்ட ஊர்

விருந்தோம்பலைத் தலையாய அறமெனப் போற்றிய சமுதாயத்தில் விருந்தினர் வருகை மகிழ்ச்சிக்குரிய செய்தியாகும். ஆயின், அரசுகளின் உலகிலோ அவ்வருகையை அறிவிப்பதே சிக்கலாகிவிடுகின்றது. யாருடைய அழைப்பின்பேரில் வருகிறார், எவரைக் காண்பார், எவ்வூருக்குச் செல்வார் என்பன யாவும் நிறுத்துப் பார்க்கப்படுகின்றன. ஓரூருக்குச் செல்வது, அவ்வூரைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்போரை அங்கீகரிப்பதாகிவிடுமோ என்ற அச்சமே இதற்குக் காரணம்.

இவ்வச்சத்தின் விளைவை வன்னி மக்கள் நன்கறிவர். 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சிதைத்தது. அடுத்த மாதம் ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கை வந்தார். முல்லைத்தீவு அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கு செல்வதற்கு அரசு இசையவில்லை. அரசின் விருந்தினரான அவர், அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் சென்று திரும்பினார்.

அரசின் தயக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. 2003 நவம்பர் 26 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு ஆணையாளர் கிறிஸ் பற்றன் கிளிநொச்சியில் பிரபாகரனைச் சந்தித்தார். அன்று பிரபாகரனின் பிறந்தநாளாகவும் அமைந்தமை தென்னிலங்கையில் கண்டனத்தை எழுப்பிற்று. ஒரு திகதிக்கே இத்துணைப் பொருள் கற்பிக்கப்படுமாயின், ஓர் ஊரின் பெயருக்குச் சொல்லவும் வேண்டுமோ?

எனினும், இச்சிக்கலுக்கு வழி இல்லாமலில்லை. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரில் மனிதாபிமான விதிகளைக் கைக்கொள்வது எத்தரப்பின் சட்டநிலையையும் மாற்றாது எனத் தெளிவுறக் கூறுகின்றது. போரிலேயே இயலுமெனக் கொள்ளப்பட்ட இவ்வேறுபாடு, கடல் விளைத்த துயரிலும் இயன்றிருக்க வேண்டும். “இவ்வருகை துயருற்றோரைக் காண்பதற்கே, எவரையும் அங்கீகரிப்பதற்கன்று” என்ற ஒரு வாக்கியத்தை அறிவிப்பிற் சேர்த்திருக்கலாம்.

2009 மே 23 இல், அடுத்த செயலாளர் நாயகமான பான் கீ மூன் வன்னிக்கு வந்தார். வவுனியாவின் மெனிக்பாம் முகாமில் மக்களைக் கண்டார். போர் முடிந்த கரையோரத்தையோ வானிலிருந்தே பார்த்தார். 2013 ஓகஸ்டில் மனித உரிமைகள் உயர் ஆணையாளர் நவநீதம்பிள்ளை வந்தபோது, முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளிவாய்க்காலில் அவர் மலர் வைக்க எண்ணியதுகூடச் சர்ச்சையாயிற்று. அப்போது அக்கரையில் அங்கீகாரம் பெறுதற்கு வேறோர் ஆட்சி இருக்கவில்லை. இறந்தோரின் நினைவே எஞ்சியிருந்தது. அதற்கும் அனுமதி வேண்டியிருந்ததெனின், முன்னைய தயக்கம் முழுவதும் அங்கீகாரம் பற்றியதுதானா என்ற ஐயம் எழுவது இயல்பே.