பாரிஸில் ஒரு குவளை நோன்புக் கஞ்சி



2025 ஜனவரியில் ஒரு மாலை. குன்னூரில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த வேளையில், நம் மதரஸா வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

"ஹஜ்ரத், தம்பி போன்ல சரியாவே பேச மாட்டேங்குறான். தொழுதியான்னு கேட்டா தொழுதேம்மாங்குறான். யாரோட சாப்பிட்டேன்னு கேட்டா பதிலே இல்ல."

அவருடைய மகன் பதினைந்து வயது வரை நம்மிடம் ஓதியவர். கணிதத்தில் முதுநிலைப் படிப்புக்காக 2024 செப்டம்பரில் பாரிஸ் சென்றவர். புறப்படும் முன் துஆப் பெற வந்தபோது நாம் ஓர் உபதேசம் செய்தோம்: வகுப்புக்குப் போ, அறைக்குத் திரும்பு, தொழு, படி, வேறெவரோடும் சேராதே. நாம் கண்டிராத ஊரைக் குறித்து நமக்கிருந்த அச்சமே அந்த வார்த்தைகளாக வெளிப்பட்டது.

அன்று இஷாவுக்குப் பின் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியது, அங்கே பிற்பகல். மெல்லப் பேச்சுக் கொடுத்தோம். முதல் வாரத்தில் வகுப்புத் தோழர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் கூறும் தங்கள் வழக்கப்படி நெருங்கியபோது, இவர் நெஞ்சில் கைவைத்துப் புன்னகைத்தாராம். எவரும் தவறாக எண்ணவில்லை. வியாழன் மாலைகளில் மாணவர்கள் கூடுவது அங்கே வாடிக்கை. மேசையில் மது இருக்கும் என்பதால் மும்முறை அழைத்தும் இவர் மறுத்தார். நான்காம் முறை அவர்கள் அழைக்கவில்லை. டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விடுமுறையில் விடுதியும் காலியாகிவிட்டது.

"ஹஜ்ரத், கடைக்காரர்கிட்ட மெர்ஸின்னு சொன்னதைத் தவிர, பதினோரு நாளா நான் யார்கிட்டயும் பேசல" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார் அந்தப் பிள்ளை.

மக்களோடு கலந்து பழகி, அவர்களால் வரும் சங்கடங்களைப் பொறுத்துக்கொள்ளும் முஃமினின் சிறப்பைப் பேசும் நபிமொழியை எத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கிறோம்! மது வைக்கப்பட்ட மேசையை விலக்குவது மார்க்கம். அந்த மேசையில் அமர்ந்தவரை மறுநாள் நூலகத்திலும் விலக்குவது எந்த மார்க்கம்? இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அனுப்பியது நம் பிழை. அதை அவரிடமே ஒப்புக்கொண்டோம்.

அப்போது டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் அவர்கள் நம் நினைவுக்கு வந்தார்கள். 1908-இல் ஹைதராபாத்தில் பிறந்து, 1948 முதல் 1996 வரை பாரிஸில் வாழ்ந்த அறிஞர். 1959-இல் வெளிவந்த அவர்களுடைய பிரெஞ்சு குர்ஆன் மொழிபெயர்ப்பை அறியாதார் அங்கே குறைவு. அத்தகைய ஆய்வாளர், நூல்களோடு மட்டும் இருந்துவிடவில்லை. பிரான்சில் பயிலும் முஸ்லிம் மாணவர்களுக்கென 1963-இல் ஒரு சங்கம் உருவாக முன்னின்றார்கள். அந்நியத் தேசத்தில் இளைஞனுக்குத் துணை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரவு விருந்துக்குப் பதிலாகப் பகல் உணவுக்குத் தோழர்களை நீயே அழை என்றோம். 2025-இல் பல்கலைக்கழக உணவகத்தில் 3.30 யூரோவுக்கு முழுச் சாப்பாடு கிடைத்தது. மீன் அல்லது காய்கறி உணவு கிடைக்கும் நாட்களில் இவருக்குத் தடையில்லை. அங்கே தொடங்கியது பழக்கம். பின்பு சனிக்கிழமை நடைப்பயணம். மோன்மார்த்தர் குன்றில் ஏறிவிட்டு, "130 மீட்டர், ஹஜ்ரத்! இதைப் போய் மலைங்குறாங்க" என்று சிரித்தார். குன்னூர்ப் பிள்ளையல்லவா! 1926-இல் திறக்கப்பட்ட பாரிஸ் பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும், அதை ஒட்டிய தேநீர்ச் சாலையில் புதினாத் தேநீர். விடுதியிலோ, செனகல் நாட்டு மாணவர் ஒருவர் மூன்று சுற்றாகக் காய்ச்சித் தரும் "அத்தாயா". உயரத் தூக்கி நுரை பொங்க ஆற்றுவதில் நம் ஊர் மாஸ்டர்களுக்கு அவர் சளைத்தவரல்லராம்.

மார்ச்சில் ரமளான் வந்தது. லா ஷப்பேல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடையொன்றில் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் வாங்கி, தாயாரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே நோன்புக் கஞ்சி காய்ச்சினார். மொராக்கோ மாணவர் ஹரீரா சூப் கொண்டுவந்தார். நோன்பு இல்லாத பிரெஞ்சுத் தோழர் இருவர், மஃரிப் வரை பசியோடு காத்திருந்து உடன் உண்டார்கள். அடி பிடித்த கஞ்சி, பன்னிரண்டு குவளை, மிச்சமில்லை.

எல்லாம் இனிதாகிவிடவில்லை. ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் இரவு பத்துக்குப் புட்டிகள் வந்ததும் இவர் எழுந்து வந்துவிட்டார். ஒரு நண்பர் அதை அவமதிப்பாகக் கொண்டார். அந்த நட்பு இன்னும் சீர்படவில்லை.

பெண்மக்களை அனுப்ப எண்ணும் பெற்றோர் நம்மிடம் கேட்பதால் இடையே ஒரு விவரம்: 2004-ஆம் ஆண்டுச் சட்டம் ஹிஜாபைத் தடுப்பது அரசுப் பள்ளிக்கூடங்களில்தான், பல்கலைக்கழக மாணவியருக்கு அத்தடை இல்லை. முகத்தை மூடுவது மட்டும் பொது இடங்கள் எங்கும் தடை.

சென்ற வாரம் அந்தத் தாய் மீண்டும் வந்தார். கையில் இரண்டு பொட்டலம் வர்க்கி, ஒரு கிலோ தேயிலைத் தூள். ஊர் திரும்பும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப வேண்டுமாம்.

"வர்க்கி நொறுங்காமப் போய்ச் சேருமா, ஹஜ்ரத்? அந்தச் செனகல் தம்பிக்குக் கடுந்தேயிலைதான் பிடிக்குமாம். அதான் டஸ்ட்டாப் பார்த்து வாங்கினேன்" என்றார்.