மாங்கா மடையன்

சின்ன வயசுல கணக்குல தப்பு பண்ணினா எங்கப்பா திட்டற ஒரே வார்த்தை "மாங்கா மடையா". ஏன் மாங்கா, ஏன் கொய்யா மடையன் இல்லைன்னு கேட்டு எக்ஸ்ட்ராவா ரெண்டு வாங்கியிருக்கேன். அந்தப் பட்டத்துக்கு நான் முழுத் தகுதி அடைஞ்சது 2023ல, அமெரிக்காவுல, ஒஹாயோ மாநிலத்துல.

ஆன்சைட்டுக்கு ஆணி பிடுங்கப் போய் நாலு மாசம் ஆகியிருந்தது. எங்க டீம் லீட் ஒரு ஞாயித்துக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். சமையல் அவரோட அம்மா. எண்பதைத் தாண்டினவங்க, ஆனா அடுப்பங்கரைப் பக்கம் யாரையும் விடமாட்டாங்க (இந்த விஷயத்துல உலகம் பூரா ஒரே ஜாதி). வாசல்லயே என் கையைப் பிடிச்சு, "உனக்காக ஸ்டஃப்டு மேங்கோஸ் பண்ணியிருக்கேன்"னாங்க. நாலு மாசமா கடையில கிடைக்கிற நார் பிடிச்ச சிவப்பு மாம்பழத்தைத் தின்னு நொந்து போயிருந்தவன் நான். நாக்குல தண்ணி ஊறிடுச்சு.

தட்டுல வந்தது பச்சைக் குடமிளகாய். உள்ளே கொத்துக்கறியும் சோறும் அடைச்சு, மேல தக்காளி சாஸ்.

என் முகம் போன போக்கைப் பார்த்து லீடோட பையன் சிரிச்சுட்டான். "பாட்டி, அது மேங்கோ இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? இதோ மேங்கோ ஊர்லேர்ந்தே ஆள் வந்திருக்கார், அவரையே கேளுங்க"ன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. வாயை மூடிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். ஆனா தமிழன் கிட்ட வந்து தமிழ் வார்த்தையைப் பத்திக் கேட்டா விடுவோமா?

"ஆமா, இது மேங்கோ இல்லை. அந்த வார்த்தையே எங்களோடது"ன்னு ஆரம்பிச்சேன். மரத்துக்குப் பேர் மா. அதோட காய் மாங்காய். பழுத்துட்டா மாம்பழம். நடுவுல வர்ற ங், ம் எல்லாம் மரத்துக்கும் சொந்தமில்லை, காய்க்கும் சொந்தமில்லை, ரெண்டையும் ஒட்டற பசை. அடுத்து க வந்தா ங், ப வந்தா ம், த வந்தா ந். மாங்கொட்டை, மாம்பூ, மாந்தோப்பு. மரப்பெயருக்கு அப்புறம் வல்லெழுத்து வந்தா அதோட இன மெல்லெழுத்து நடுவுல தோன்றலாம்னு நன்னூல்ல விதியே இருக்கு. மாவடுவுல பசை கிடையாது, ஏன்னா வ வல்லெழுத்து இல்லை. ஆக நீங்க 'மேங்கோ'ன்னு சொல்றப்ப நடுவுல ஒலிக்கறது தமிழ் இலக்கணம்! அப்படின்னு முடிச்சேன். கைதட்டல்தான் பாக்கி.

அந்தம்மா "ஓ"ன்னு ஒரு எழுத்து சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இன்னொரு... பெப்பர் வைக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. அந்த நடுவுல விட்ட இடைவெளி எனக்குக் குத்துச்சு. எங்க அப்பத்தா சோப்பை சவுக்காரம்னு சொல்றப்பல்லாம் நாங்க பேரப்பசங்க கூடிக் கெக்கேபிக்கேன்னு சிரிப்போம். அப்பத்தாவும் இப்படித்தான் ஒரு நிமிஷம் நிறுத்திட்டு, பாவம், "சோப்பு"ம்பாங்க.

ராத்திரி ரூம்மேட் கிட்ட கதையைச் சொன்னேன். அவன் கோழிக்கோட்டுக்காரன். முதல் அடி அவன்கிட்டயிருந்து வந்தது. "வாஸ்கோ ட காமா 1498ல வந்து இறங்கினது எங்க ஊர்ல. வார்த்தை ஏறினது மலபார்ல. அதுக்கு நீ ஏண்டா லெக்சர் குடுத்தே?" நான் விடலை. "நீங்க மாங்ங-ன்னு மூக்கால சொல்றீங்க. மேங்கோவுல 'க' இருக்கே, அது எங்களோடது." "போர்ச்சுகீஸ்காரனுக்கு ங்ங வராதுடா, அதான் க போட்டிருக்கான்." இது இன்னும் தீரலை. மலாய்க்காரங்களோட மங்கா வழியாப் போச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதுவும் இங்கேயிருந்து போனதுதான்னு நானும் அவனும் அந்த ஒரு விஷயத்துல மட்டும் கூட்டணி :-)

அப்புறம் தூக்கம் வராம நோண்ட ஆரம்பிச்சேன். 1510ல புத்தகம் போட்ட லுடோவிகோ டி வர்த்தேமாங்கற இத்தாலிக்காரர் கோழிக்கோட்டைப் பத்தி எழுதறப்ப, பழத்துக்குப் பேர் அம்பா, மரத்துக்குப் பேர் மங்கான்னு தலைகீழாக் குறிச்சு வச்சிருக்கார். போர்ச்சுகீஸ்ல மங்கா பெண்பால், பிரெஞ்சுல மாங்க், அதுவும் பெண்பால். ஸ்பானிஷ்ல மாங்கோ ஆண்பால். போர்ச்சுகீஸ் மங்காவுக்கு சட்டைக் கைன்னும் அர்த்தம், ஸ்பானிஷ் மாங்கோவுக்குக் கைப்பிடின்னும் அர்த்தம். ரெண்டும் லத்தீன்ல கையைக் குறிக்கிற சொல்லுக்குச் சொந்தம், நம்ம மாங்காய்க்கு எந்த உறவும் இல்லை. நமக்கு அஃறிணை, வம்பே இல்லை. கன்னடத்துல மாவினகாயி. கப்பல் மட்டும் அங்கே நின்னிருந்தா உலகமே மாவினகாயி ஜூஸ் குடிச்சிருக்கும்.

இதெல்லாம் சுவாரஸ்யம், சரி. ஆனா ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில மேங்கோவுக்குக் கீழே ரெண்டாவதா இருந்த அர்த்தத்தைப் பார்த்ததும்தான் எழுந்து உட்கார்ந்தேன். ஊறுகாய்!

பதினேழாம் நூற்றாண்டுல பழத்தைக் கப்பல்ல ஏத்தினா லண்டன் போறதுக்குள்ள அழுகிடும். அதனால போனது ஜாடியில ஊறுகாய். கொட்டையை எடுத்துட்டு உள்ளே மசாலா அடைச்ச மாங்காய். அதாவது அந்த ஊர்க்காரன் முதல்ல பார்த்தது காய்தான், பழமில்லை. கிடைக்காதவங்க வெள்ளரி, பீச், முலாம்பழம்னு எதுஎதையோ குடைஞ்சு, மசாலா அடைச்சு, வினிகர்ல ஊறப்போட்டு, அதுக்கும் மேங்கோன்னே பேர் வச்சுட்டாங்க. 'மேங்கோ பண்ணு'ன்னு வினைச்சொல்லே வந்துடுச்சு. 1796ல வந்த அமேலியா சிம்மன்ஸோட 'அமெரிக்கன் குக்கரி'யில முலாம்பழத்தை மேங்கோ பண்ற குறிப்பு இருக்கு. அந்த வரிசையில குடமிளகாயும் சேர்ந்து, ஒஹாயோ, இண்டியானா பக்கம் ஊறுகாய் போய், அடைக்கிற காய்க்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு.

அந்தம்மா சொன்னதுல தப்பே இல்லை. அவங்க பாட்டி, பாட்டிக்குப் பாட்டின்னு வந்த வார்த்தை. நாலு மாசம் முன்னாடி ஃப்ளைட்ல வந்த ஒருத்தன் அதைப் பிடுங்கிட்டான்.

இதுல இன்னொரு கூத்து. மிளகாய் நம்ம ஊர்க்காய் கிடையாது. அமெரிக்காவுலேர்ந்து போர்ச்சுகீஸ்காரங்க கொண்டு வந்தது. புதுசா வந்த காய்க்கு நம்மாளுங்க என்ன பண்ணினாங்க? தெரிஞ்ச மிளகைப் பிடிச்சு, பின்னால காயைச் சேர்த்து மிளகாய்னுட்டாங்க. அவங்க நம்ம மாங்காயைக் கொண்டுபோய் அவங்க மிளகாய்க்கு வச்சாங்க. சரியாப் போச்சு.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின வாரம் லீட் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா கிட்ட, "நீங்க சொன்னதுதான் சரி, நான்தான் தெரியாம உளறிட்டேன்"னு முழுக்கதையையும் சொன்னேன். பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வச்சு, மறுபடி முதல்லேர்ந்து சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம் கேட்டாங்க, "உங்க ஊர்ல இதை என்னன்னு சொல்வீங்க?"

"குடமிளகாய்."

ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. "மேங்கோதான் ஈஸியா இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டாங்க. அன்னிக்கும் அதேதான் சமையல். மூணு மேங்கோ சாப்பிட்டேன்.