மூடி வைத்த அண்டாக்கள்

உணவை வீணாக்காதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல நடத்திய உணவுத் திருவிழாவில், மூன்று அண்டா சாம்பார் சாதத்தைக் குழியில் கொட்ட வைத்தவன் நான். விழாக் குழுத் தலைவரும் நான்தான். வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை. இருந்தும் காட்டினேன்.

அக்டோபர் 16, உலக உணவு நாள். வாசலில் பேனர் கட்டியிருந்தோம். 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கைப் பெரிய எழுத்தில் போட்டோம். வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்துவதாக நினைப்பு.

சமையல் மாஸ்டர் காலையிலேயே எச்சரித்தார். "ரெண்டு தடவையா இறக்கிக்கலாம் சார். சூட்டோட மூடி வச்சா வேர்த்து ஊசிடும்." நான் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் வரும்போது அண்டாக்கள் வரிசையாக நிறைந்திருக்க வேண்டும். போட்டோவில் அது தெரிய வேண்டும். என் கவலை அவ்வளவுதான்.

காலையில் வர வேண்டியவர் வந்தபோது மதியம் இரண்டு மணி தாண்டிவிட்டது. அதுவரை யாருக்கும் பரிமாற விடவில்லை. வரிசையில் தூய்மைப் பணியாளர்கள் நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்து, "இதுக்கு மட்டும் ஒரு கரண்டி போடுங்க சார்" என்றார். "விழா தொடங்கட்டும்மா" என்றேன். நாங்கள் கொடுத்த காலித் தட்டோடு திரும்பிப் போனார்.

பிறகு மைக் பிடித்தேன். 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை என்று உருகினேன். கைதட்டினார்கள்.

மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. கரண்டியைத் தூக்கினால் சாதம் நூல் விட்டது. கடைசியாகக் கலந்த தயிர் சாதம் மட்டும் தப்பியது. அது பாதி வரிசைக்குக்கூடக் காணவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததா என்று பார்க்க நான் அங்கே இல்லை. விருந்தினரைக் காரேற்றிவிடப் போயிருந்தேன்.

குழுவில் கேட்டார்கள். "மாஸ்டர் பக்குவம் தவறிட்டார்" என்றேன். வாய் தவறி வந்ததல்ல, யோசித்துச் சொன்ன பொய். அவர் கூலியில் பிடித்தம் செய்த சீட்டில் கையெழுத்திட்டதும் நான்தான். பத்திரிகைக்கு, "ஆயிரம் பேர் பசியாறினர்" என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டரைப் பற்றிய பேச்சு ஊருக்குள் பரவியது. அட்வான்ஸ் வாங்கியிருந்த கல்யாண வேலையொன்று மாஸ்டர் கையைவிட்டுப் போனது.

பிடித்த பணத்தை என் கையிலிருந்து கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. "காசு கிடக்கட்டும் சார். அந்தக் கல்யாண வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்க, போதும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த வீடு எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். இன்னும் போகவில்லை. கௌரவம் விடமாட்டேன் என்கிறது.