நான்கு திரைகளும் ஒரு சேர்க்கை எண்ணும்

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிலர், வகுப்பு வருகையைப் பதியும் சிறு செயலி ஒன்றை உருவாக்கி வருகிறார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தும் கருவி ஆப் இன்வென்டர். கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது; பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் பொறுப்பேற்று, 2012 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. இதில் நிரலை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட வேண்டியதில்லை. வண்ணக் கட்டங்களைப் புதிர்த் துண்டுகள் போல ஒன்றோடொன்று பொருத்தினால் போதும்.

செயலிக்கு நான்கு திரைகள். முதலாவதில் பெயர்ப்பட்டியல், இரண்டாவதில் வருகை, மூன்றாவதில் வராத பிள்ளையின் வீட்டுத் தொலைபேசி எண், நான்காவதில் ஆர்.எம்.டி. எனப்படும் துணை உணவுத் திட்டத்திற்கான அன்றைய எண்ணிக்கை. முதல் திரையில் ஒரு பெயரைத் தொட்டுவிட்டு இரண்டாம் திரைக்குப் போனால், அங்கே பெயரைக் காணோம்.

"ஐயா, குளோபல் என்றுதானே போட்டிருக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆப் இன்வென்டரில் அந்தச் சொல் தாங்கிய மாறி, அந்த ஒரு திரைக்குள் மட்டுமே பொதுவானது. அடுத்த திரைக்கு அது தெரியவே தெரியாது. பெயர் சூட்டியவர்கள் இன்னும் சற்றுச் சிந்தித்திருக்கலாம் என்பது என் கருத்து.

திரைக்குத் திரை தரவைக் கொண்டு செல்ல இரண்டு வழிகள் உண்டு. அடுத்த திரையைத் திறக்கும்பொழுதே ஒரு மதிப்பைச் சேர்த்து அனுப்புவது முதல் வழி. கடைக்குப் போகும் பிள்ளையின் கையில் சீட்டு எழுதிக் கொடுப்பதைப் போல. இரண்டாவது வழி டைனிடிபி என்னும் சிறு தரவுக்கிடங்கு. அது கைப்பேசியிலேயே இருக்கும். ஒவ்வொரு மதிப்பையும் ஓர் அடையாளச் சொல்லின் கீழ் அதில் வைக்கலாம். அச்செயலியின் எல்லாத் திரைகளும் எடுத்துப் படிக்கலாம். செயலியை மூடித் திறந்தாலும் அழியாது.

மாணவர்கள் முதல் வழியைத்தான் விரும்பினர். பெயர், வகுப்பு, தொலைபேசி எண் அனைத்தையும் ஒரு பட்டியலாகக் கட்டித் திரைக்குத் திரை அனுப்பினர். செயலி ஓடியது. ஆனால், மூன்றாம் திரையில் எண்ணை மாற்றினால் முதல் திரையில் பழைய எண்ணே நின்றது. ஒரே தரவுக்குப் பல படிகள் உண்டாகிவிட்டால், எது உண்மை என்று எந்தத் திரைக்கும் தெரியாது.

மலாக்காவில் இது வெறும் பாடநூல் சிக்கல் அன்று. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்ட மாநிலம் இது. அந்த இரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டது. தோட்டத்தை விட்டு ஜாசினுக்கும் ஆயர் குரோவுக்கும் பெயர்ந்த குடும்பங்கள் சில, பிள்ளையை மட்டும் பழைய பள்ளிக்கே வேனில் அனுப்புகின்றன. முகவரி மாறுகிறது, முன்கட்டண அட்டை தீர்ந்தால் எண்ணும் மாறுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளில் பழைய எண்ணை அழைத்துக்கொண்டிருந்தால் அம்மா வரமாட்டார்.

ஆகவே எண் ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும். மற்றத் திரைகள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட் போன்ற பெரிய கருவிகளிலும் இதே ஏற்பாடுதான். இரண்டு கூறுகளுக்குப் பொதுவான தரவை அவற்றின் தாய்க்கூறு வைத்திருக்கும். சேய்க்கூறு தானே அதை மாற்றாது, தாயிடம் கேட்கும்.

கிடங்கில் ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் எந்த அடையாளச் சொல்லின் கீழ் வைப்பது? கழகத்தில் அதிக நேரம் பிடித்த கேள்வி இதுதான். பெயரின் கீழ் வைக்கலாம் என்றால், ஒரே வகுப்பில் இரண்டு தர்ஷினிகள் இருப்பதுண்டு. மைகிட் எண்ணைப் போடலாம் என்றான் ஒரு மாணவன். பன்னிரண்டு இலக்கம், யாருக்கும் இரட்டிக்காது. கணினி நோக்கில் அருமையான விடை.

நான் உடன்படவில்லை. அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த நாளைச் சொல்லிவிடும். அடுத்த இரண்டு பிறந்த இடத்தைக் காட்டும்; மலாக்காவுக்கு 04. கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைக் கூறும். வருகைப் பதிவுக்கு இவை எதற்கு?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெற்றோரின் திருமணம் பதியப்படாததாலோ, பிறப்பு உரிய காலத்தில் பதியப்படாததாலோ ஆவணச் சிக்கலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள். எண்ணில்லாமல் பெயரைச் சேர்க்க முடியாது என்று நிரலில் எழுதிவிட்டால், வகுப்பில் நம் கண்முன் அமர்ந்திருக்கும் பிள்ளை, செயலியில் வராத பிள்ளைகூட அன்று, இல்லாத பிள்ளை. பள்ளிச் சேர்க்கை எண்ணையே பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. அது எல்லாருக்கும் உண்டு. அதைப் பார்த்து வேறு எதையும் ஊகிக்க முடியாது.

நான்காம் திரையில் இன்னொரு யோசனை வந்தது. உணவுத் திட்டத்தில் உள்ளவர்களின் பெயரைப் பட்டியலிலேயே சிவப்பாகக் காட்டலாமாம். வேண்டாம் என்றேன். டைனிடிபியில் வைத்த எதையும் இந்தத் திரை பார்க்கலாம், அந்தத் திரை பார்க்கக்கூடாது என்று பூட்டு போட இயலாது. வருகை எடுக்க ஆசிரியர் கைப்பேசியைத் திறந்தால், யார் வீட்டில் வருமானம் குறைவு என்பது முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். சிற்றுண்டிச்சாலைக்குத் தேவை எத்தனை தட்டு என்னும் எண்ணிக்கை மட்டுமே. அத்திரையில் இப்பொழுது ஆசிரியர் தட்டும் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது.

இக்கருவியைப் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. செயலியைத் தனியாக நிறுவாமல் 'கம்பேனியன்' வழியாகச் சோதிக்கும்பொழுது, அக்கைப்பேசியில் சோதிக்கப்படும் எல்லாத் திட்டங்களும் ஒரே டைனிடிபியைப் பகிர்ந்துகொள்ளும். ஒரு குழுவின் தரவு மற்றொரு குழுவின் செயலியில் எட்டிப் பார்க்கலாம். அதனால் கழகத்தில் நாங்கள் கற்பனைப் பெயர்களையும் கற்பனை எண்களையுமே உள்ளிடுகிறோம். மாணவர்கள் தங்கள் விருப்பப்படி திரைப்பட நடிகர்களின் பெயர்களை இட்டிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் நாள்தோறும் 'மட்டம்' போடுகிறார்கள்.

எண்ணை யார் மாற்றலாம் என்பது இன்னும் முடிவாகவில்லை. எந்தத் திரையிலும் மாற்றலாம் என்கிறது ஒரு குழு. மூன்றாம் திரையில் மட்டும் என்கிறது மற்றொன்று. அடுத்த புதன்கிழமை இரு குழுவினரும் செய்து காட்டுவார்கள். அதற்கிடையில், அண்மையில் கைப்பேசி எண்ணை மாற்றிய பெற்றோர் வகுப்பாசிரியரிடம் புதிய எண்ணைத் தந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.