ஒரு பழைய ஜீப்பும் 1,800 ரூபாயும்

பென்ஷன் வாங்க ஆரம்பித்த அடுத்த வருஷம், அதாவது 2009-ல், நான் ஒரு பழைய ஜீப் வாங்கினேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவர் காது கேட்காத பக்கத்து வீட்டுத் தாத்தா. இன்னொருவர் எனக்கு அந்த ஜீப்பை விற்றவர்.

தேவை இருக்கத்தான் செய்தது. என் வீட்டம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பங்காகப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் வந்திருந்தது. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு வரை பஸ் போகும். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் கல்லும் சேறுமான பாதை. ஜீப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. விடிகாலையில் போடியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக ஜீப்புகள் மலை ஏறும். எங்கள் ஊரில் ஜீப் என்பது பந்தா வண்டி அல்ல, மாட்டுவண்டி மாதிரி ஒரு தொழில் வண்டி. ஒவ்வொரு தடவையும் வாடகை ஜீப்புக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

எனக்கு ஜீப் புதிதும் அல்ல. வேலையில் இருந்தபோது இருபது வருஷம் ஆபீஸ் ஜீப்பின் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறேன். டிரைவரிடம் கெஞ்சி ஓட்டவும் கற்றுக்கொண்டேன். இந்த அனுபவம் போதும் என்று நினைத்ததுதான் முதல் தப்பு.

நான் வாங்கியது 1988 மாடல். பெஜோ டீசல் இன்ஜின், 2112 சி.சி. ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால், புளியமரத்தடியில் நான்கு வருஷமாக நின்றிருந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எலி கடித்த ஒயர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே நூல் நூலாகத் தொங்கின. காலை வைத்தால் தரைத்தகடு வழியாக மண் தெரிந்தது. ஆனால் சேஸிஸ் நேராக இருந்தது. துரு மேலோடு நின்றிருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்த இடத்தில் எல்லாம் 'ணங்' என்று சத்தம் வந்தது. 62,000 ரூபாய்க்குப் பேசி முடித்தேன்.

பழைய வண்டி வாங்குகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினைப் பார்க்கும் முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். அதிலுள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பைனான்ஸ் பாக்கி இருந்தால் ரத்து செய்து வாங்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. எனக்கு விற்றவர் முந்தின வருஷமே அதை விட்டிருந்தார். அந்த அலைச்சலைத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

ரிப்பேருக்கு நான் ஒதுக்கியது 30,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தேன். நாற்பது வருஷமாக ஜீப்பில் கை வைத்திருக்கும் ஒரு மேஸ்திரி கிடைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தவர், "சாவியைப் போட்டுறாதீங்க சார்" என்றார்.

நான் செய்ய இருந்தது அதைத்தான். பேட்டரியை மாட்டி, செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையில் இருந்தேன். நாலு வருஷம் நின்ற இன்ஜினுக்குள் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கியிருக்கும், பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம் என்றார். முதலில் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றினார். அந்த ஓட்டைகள் வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்தார். மறுநாள் கிராங்க் புல்லியில் பெரிய ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே மெல்லத் திருப்பினார். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் கிடையாது, அது முனகிக்கொண்டு சுற்றியது. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

டேங்க்கை இறக்கினோம். உள்ளே டீசல் இல்லை, கறுப்பு அல்வாதான் இருந்தது. கழுவிக் காயவைத்து, பில்டர் மாற்றி, பம்ப்பையும் நாசில்களையும் சர்வீஸுக்குக் கொடுத்தோம். மாட்டின பிறகு ஏர் எடுக்க வேண்டும். டீசல் லைனில் காற்று இருந்தால் வண்டி என்ன செய்தாலும் கிளம்பாது. பில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தேன். நுரை நின்று சுத்த டீசல் வழிந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். பிறகு நாசில் பைப்புகளிலும் அதே வேலை. மூன்றாவது செல்ஃபில் இன்ஜின் பிடித்தது. ரைஸ் மில் முழுக்க வெள்ளைப் புகை. கோழிகள் ஓடின.

கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், முன்பின் டிபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். முன் டிபரன்ஷியலில் மட்டும் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். சீல் மாற்றிப் புது ஆயில் விட்டோம். பட்டைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்டுக்கும் கிரீஸ் அடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பழைய கிரீஸ் வெளியே வந்து புதுசு எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். கூலியும் மிச்சம், வண்டியின் அடிவயிறும் பழக்கமாகிவிடும்.

இனி கணக்கு. என் நோட்டில் இருந்தபடியே தருகிறேன். டயர்கள், இரண்டு புதுசு இரண்டு ரீட்ரேட், 9,500. பேட்டரி 4,200. டேங்க், பம்ப், நாசில் 3,900. ஆயில், பில்டர், சீல் 2,300. ஒயரிங் 1,800. ரேடியேட்டர் 1,100. முன் சக்கர பிரேக் 1,400. பெயின்ட்டும் புது ஹூடும் 5,600. மொத்தம் 29,800. கையில் மிச்சம் 200 ரூபாய். வாக்குத் தவறவில்லை என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கணக்கில் இல்லாதது ஒன்று உண்டு. பின் சக்கர பிரேக்.

மேஸ்திரி சொல்லாமல் இல்லை. "பின்னாடி வீல் சிலிண்டர் ரெண்டும் உள்ளே துரு சார். கிட் போட்டாலும் நிக்காது, புதுசா மாத்தணும். மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட்டும் சேர்த்து 1,800 ஆகும்." பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நின்ற வண்டியில் அந்த ஈரம்தான் சிலிண்டரை அரிக்கும் என்று விளக்கமும் சொன்னார். நான் அடுத்த மாசப் பென்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "அப்பச் சரி. மலைக்குப் போறதுக்கு முன்னாடி கொண்டாந்துருங்க" என்றார். தலையாட்டினேன்.

போடித் தெருக்களில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டேன். புது ஹூடு, பச்சை பெயின்ட். முந்தல் செக்போஸ்ட்டில் ஒருவர் "நல்லா இருக்கு சார்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. தோட்டப் பாதையில் முன் சக்கரத்தையும் சேர்த்து லோ கியரில் போட்டேன். யானை மாதிரி ஏறியது. சாயங்காலம் இரண்டு ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தார் ரோட்டுக்கு வந்ததும் முன் சக்கர லீவரை எடுத்துவிட்டேன். கெட்டித் தரையில் நான்கு சக்கரமும் இழுத்தால் கியருக்குக் கேடு. அது சரி. ஆனால் இறக்கத்தில் மூன்றாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். அது தப்பு.

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியிருப்போம். பெடல் கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். பின்னால் ஒழுகினால் முன்னாலும் பிடிக்காது. பெடலைக் குத்திக் குத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நாற்றம் வந்தது, வேகம் குறையவில்லை. இரண்டாவது கியரைத் திணித்தேன். இன்ஜின் அலறி, வண்டி கொஞ்சம் தயங்கியது. எதிரே வளைவு, அதற்கு அப்பால் வெறும் வானம்.

நல்ல வேளை, அந்த இடத்தில் மலைப்பக்கம் எங்கள் இடது கைப் பக்கம். ஓரத்து வாய்க்காலுக்குள் இடது சக்கரங்களை இறக்கினேன். புதுப் பெயின்ட்டைப் பாறை உரித்துக்கொண்டே வந்தது. வண்டி குலுங்கி நின்றது. இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தபோது என் கை அந்தக் கல்லைப் பிடிக்கவில்லை. பின் டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து நனைந்திருந்தது.

வீட்டம்மா கத்தவில்லை, அழவில்லை. அடியில்லை என்று கையைக் காலை அசைத்துப் பார்த்துக்கொண்டு, ரோட்டோரத் திண்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பின் பிரேக்குக்கு எவ்வளவு கேட்டார்?"

"1,800."

"பெயின்ட்டுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். நோட்டை அவரிடம்தான் காட்டிப் பெருமையடித்திருந்தேன்.

அந்த வழியாக வந்த ஜீப்காரர்கள் கை கொடுத்து வண்டியைத் தூக்கி ஓரம் கட்டினார்கள். மூட்டையோடு பஸ்ஸில் வீடு வந்தோம். மறுநாள் காலை மேஸ்திரி சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "நானும் வர்றேன்" என்று வீட்டம்மாவும் கிளம்பிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிரம்மைக் கழற்றி, பிதுங்கிக் கிழிந்திருந்த ரப்பர் வாஷரை எடுத்து மேஸ்திரி என் உள்ளங்கையில் வைத்தார். அரைக்கால் ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். "ஓடாத வண்டி யாரையும் ஒண்ணும் செய்யாது சார். நிக்காத வண்டிதான். இனிமே எந்தப் பழைய வண்டி வாங்கினாலும் முதல்ல நிறுத்துறதுக்குச் செலவு பண்ணுங்க. அப்புறம் ஓட்டுறதுக்கு. மினுக்குறதெல்லாம் கடைசி." குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் சுட்டது.

புது சிலிண்டர் மாட்டின பிறகு பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். நான் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வண்டிக்கு அடியில். பெடலை யார் மிதிப்பது? வீட்டம்மா புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். "மிதிங்கம்மா... அப்படியே பிடிங்க... விடுங்க." அரை மணி நேரம். கடைசியில், "இப்ப கல்லு மாதிரி இருக்குது" என்றார் அவரே.

ஜீப் இன்னும் இருக்கிறது. உரிந்த பெயின்ட்டை நான் சரி செய்யவில்லை. நோட்டில் இப்போது முதல் பக்கம் பிரேக்குக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிடுகிறேன். ஏறிய கியரிலேயே இறங்குகிறேன். மழைக்காலம் முடிந்ததும் டிரம்களைத் திறந்து பார்க்கிறேன்.

என் கணக்கில் இல்லாத ஒரு செக்கிங்கும் உண்டு. மலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் வீட்டம்மா முதலில் என் பக்கத்துக் கதவருகே வருவார். ஒரு காலை உள்ளே வைத்துப் பெடலை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். சுற்றிப் போய் இடது பக்கம் ஏறிக்கொண்டால் வண்டியை எடுக்கலாம் என்று அர்த்தம்.