தூணுக்குப் பின்னால்

எஸ்.பி.எம். எழுதி முடித்த விடுமுறையில் அப்பாவோடு ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலைக்குத் தரை வேலைக்குப் போனேன். எபாக்சி பூசும் வேலை என்றதும் பெயிண்ட் டப்பாவும் ரோலரும்தான் மனதில் வந்தன. முதல் மூன்று நாள் டப்பாவையே திறக்கவில்லை. தரையைச் சொரசொரப்பாக்குவதிலேயே போனது.

"நல்லா வழவழன்னுதானே இருக்கு, ஏன்பா கெடுக்கணும்?" என்றேன். அப்பா ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டார். உருண்டையாக அப்படியே நின்றது. "தண்ணியே இறங்கல. எபாக்சி எப்படி இறங்கும்?"

கான்கிரீட் இறுகும்போது தண்ணீர் மேலே ஏறி வரும். கூடவே சிமெண்டும் நுண்மணலும் வந்து மெல்லிய தோலாகப் படியும், காய்ச்சி ஆறிய பாலில் ஆடை படிவதுபோல. பார்க்கத் தரை மாதிரியே இருக்கும், பலம் கிடையாது. அதை எடுத்துவிட்டுத்தான் பூச வேண்டும்.

எதைக் கொண்டு எடுப்பது என்பது மேலே எவ்வளவு தடிமனாகப் பூசப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. மெல்லிய பூச்சுக்கு வைரத்துகள் பதித்த கிரைண்டர் போதும். தடித்த பூச்சுக்கு, இரும்புக் குண்டுமணிகளை வீசியடித்துத் தானே உறிஞ்சிக்கொள்ளும் ஷாட் பிளாஸ்டர். பழைய பூச்சை உரிக்க, உருளையில் கார்பைடு பற்கள் சுழலும் ஸ்கேரிஃபையர். காற்றழுத்தத்தில் சம்மட்டிபோல இடிக்கும் ஸ்கேப்ளரை அப்பா அதிகம் தொடமாட்டார். அந்த இடியில் நல்ல கான்கிரீட்டுக்குள்ளும் முடியளவு விரிசல் விழும். "ஊசி போடுற இடத்துல கத்தி வைக்கக்கூடாது" என்பார். சொரசொரப்பை அளக்க 1 முதல் 10 வரை எண்ணிட்ட மாதிரித் துண்டுகள் உண்டு. அப்பா உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவார்.

பாட்டியின் அம்மியை உளியால் கொத்திக் கொடுத்ததும் அந்தக் கைதான். தேய்ந்துபோன அம்மியில் மிளகாய் வழுக்கிக்கொண்டே போகும், அரைபடாது.

பெரிய மெஷின் சுவரோரத்திலும் தூணடியிலும் நுழையாது. அங்கே கை கிரைண்டரோடு மண்டியிட வேண்டும். அது என் வேலை. மூன்றாம் நாள் மாலை முட்டி எரிந்தது, மூக்கெல்லாம் தூசி. கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு மேசையளவு இடத்தை விட்டுவிட்டேன்.

"முடிஞ்சதா தம்பி?"

"முடிஞ்சதுப்பா."

நான்கு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அதே தூண். எபாக்சி அப்பளம்போலப் பெயர்ந்து கிடந்தது. அப்பா ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல்நிறத் தோல் ஒட்டியிருந்தது. "பாரு, எபாக்சி விடல. அது பிடிச்சிக்கிட்டதுதான் தரையை விட்டுருச்சி."

சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. மேலாளரிடம் "என் தப்புதான் பாஸ்" என்றார். காசு வாங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் மண்டியிட்டு அதைச் சரிசெய்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிரைண்டர் சத்தத்தில் சொல்ல முடியவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மெஷின் நின்ற பிறகும் நான் சொல்லவில்லை.

கான்கிரீட் தூசியில் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தழும்பு உண்டாக்கும், அந்தத் தழும்பு ஆறாது என்று பிறகுதான் படித்தேன். அப்பா அந்நாளில் மூக்கில் கட்டியது ஒரு குட் மார்னிங் துண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூசி என் கணக்கில் சேர வேண்டியது.

போன தீபாவளிக்குத்தான் சொன்னேன். "தெரியும்" என்றார். இருமல் வந்தது. அடங்கியதும், "அந்தத் தூணுகிட்ட அப்புறம் பெயரவே இல்ல" என்றார்.